அயர்லாந்து கால்பந்து கிளப்புகள்: கோப்பை வாங்கிய கையோடு கடனில் விழுவது ஏன்?

டப்ளின்வாசி:

லீக் ஆஃப் அயர்லாந்து சாம்பியன் பட்டியலை 2005இலிருந்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். 2005 கார்க் சிட்டி. 2006 ஷெல்போர்ன். 2007 டிராஹெடா யுனைடெட். 2008, 2009 இரண்டும் போஹீமியன்ஸ். பட்டம் வாங்கிய சில வருடங்களுக்குள் இந்த நான்கு கிளப்பும் ஒன்று நீதிமன்றத்தில் நின்றன, இல்லை கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டன, இல்லை சம்பளம் கொடுக்க வழியில்லாமல் ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டன. இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பொதுவாக எல்லோரும் சொல்லும் காரணம் 2008 ரியல் எஸ்டேட் சரிவு. வங்கிகள் விழுந்தன, பில்டர்கள் விழுந்தார்கள், கூடவே கிளப்புகளும் விழுந்தன என்கிறார்கள். ஆனால் ஷெல்போர்ன் கதை இதற்குப் பொருந்தாது. அது 2006இலேயே முடிந்துவிட்டது. நாட்டில் அப்போது பணம் புரண்டுகொண்டிருந்தது, வீட்டு விலை உச்சத்தில் இருந்தது.

ஷெல்போர்ன் 2004இல் ஐஸ்லாந்தின் கேஆர் ரெய்க்யவிக், குரோவேஷியாவின் ஹைடுக் ஸ்ப்லிட் இரண்டையும் தாண்டி சாம்பியன்ஸ் லீக் மூன்றாம் தகுதிச் சுற்றுக்குப் போனது. எதிரே டெபோர்டிவோ லா கொருன்யா. சில மாதம் முன்புதான் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடிய அணி. லான்ஸ்டவுன் ரோட்டில் 0-0. ஸ்பெயினில் 3-0 தோல்வி. அந்தச் சுற்றைத் தாண்டியிருந்தால் குரூப் கட்டத்துப் பணம் வந்திருக்கும், அயர்லாந்தின் எந்தக் கிளப்பும் அதுவரை பார்த்திராத தொகை. தலைவர் ஆலி பைர்ன் அந்தக் கதவு இன்னொரு முறை திறக்கும் என்று நம்பித்தான் செலவு செய்துகொண்டே போனார். நாட்டின் நல்ல ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் கிளப்பின் மைதானமான டோல்கா பார்க்கில் இருந்தார்கள்: ஜேசன் பைர்ன், ஓவன் ஹியரி, வெஸ் ஹூலஹன். 2006இல் சம்பளம் தாமதமாக வந்தது. வரித்துறை நீதிமன்றம் போனது. அதற்கு நடுவே டெர்ரி சிட்டியை கோல் வித்தியாசத்தில் முந்திப் பட்டமும் வாங்கினார்கள். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே கால்பந்து சங்கம் கொடுக்கும் லைசென்ஸ் காரணமாக, பிரீமியர் பிரிவுக்குக் கீழே இருக்கும் 'முதல் பிரிவு'க்கு இறக்கப்பட்டார்கள். சாம்பியன் அணி அடுத்த வருடம் இரண்டாம் தட்டில். மேலே வர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆலி பைர்ன் 2007 ஆகஸ்டில் இறந்துபோனார்.

என் எண்ணம் இதுதான். இந்தக் கிளப்புகள் ஏழ்மையால் விழவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்ற பணத்தை வந்ததாகவே கணக்கில் எழுதி, அதை ஆட்டக்காரர்களின் சம்பளமாகப் பிரித்துக் கொடுத்ததால் விழுந்தன. சரிவு வந்தது அப்புறம்தான். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.

---

தென்றல்77:

நல்ல இழை. எனக்கு அடிப்படையே புரியவில்லை, அதனால் கேட்கிறேன். இங்கிலாந்தில் கடைசி இடத்தில் முடிப்பவருக்கே டிவி பணம் கொட்டுகிறது. அயர்லாந்து சாம்பியனுக்கு என்னதான் கிடைக்கும்? அவ்வளவு சம்பளம் கொடுக்க எந்தத் தைரியத்தில் முடிவெடுத்தார்கள்?

---

பேரேடு:

தென்றல், கணக்குப் பார்க்கிற தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அயர்லாந்து லீக்கில் டிவி பணம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருந்ததில்லை. நுழைவுச் சீட்டு, சீசன் டிக்கெட், ஜெர்சி விற்பனை, உள்ளூர் ஸ்பான்சர், பார் வருமானம், குலுக்கல் சீட்டு, இவைதான் நம்பிக்கையான வரவு. சில வருடம் முன்பு வரை சாம்பியனுக்குப் பரிசு 110,000 யூரோ. முழுநேர அணி ஒன்றின் சம்பளப் பட்டியலில் அது சில வாரங்களுக்குத்தான் வரும்.

மிச்சத்தை நிரப்ப மூன்றே வழி. ஐரோப்பியப் போட்டி, ஆட்டக்காரரை விற்பது, முதலாளியின் சட்டைப்பை. இதில் ஆட்டக்காரர் விற்பனை அந்தக் காலத்தில் பெரிதாக எதுவும் தரவில்லை. நல்ல பையன்கள் 15, 16 வயதிலேயே நேராக இங்கிலாந்து அகாடமிகளுக்குப் போய்விடுவார்கள். மிஞ்சியவர்களும் மலிவாகத்தான் போனார்கள். ஷேமஸ் கோல்மனை 2009 ஜனவரியில் எவர்ட்டன் ஸ்லைகோ ரோவர்ஸிடமிருந்து 60,000 பவுண்டுக்கு வாங்கியது. அவர் பிறகு அயர்லாந்து அணியின் கேப்டன் ஆனார். ஸ்லைகோவுக்குக் கிடைத்ததும் எவர்ட்டனுக்குக் கிடைத்ததும் ஒரே தட்டில் வைக்க முடியாதவை.

ஆக, ஐரோப்பா அல்லது முதலாளி. இரண்டுமே கிளப்பின் கையில் இல்லாதவை.

செலவுப் பக்கம் பாருங்கள். 2003இல் லீக் கோடைக்கு மாறியது. முழுநேர ஆட்டம் பரவியது. முன்பு சீசன் நடக்கும் வாரங்களுக்கு மட்டும், அதாவது 40, 42 வாரம், சம்பளம் கொடுத்த கிளப்புகள் போட்டி போட்டுக்கொண்டு 52 வார ஒப்பந்தம் கொடுக்க ஆரம்பித்தன. ஒரு கிளப் கொடுத்தால் அடுத்ததும் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஆள் போய்விடுவான். பார்வையாளர் எண்ணிக்கை அந்த வேகத்தில் ஏறவே இல்லை.

விதி இல்லாமலும் இல்லை. வருமானத்தில் 65 சதவீதத்துக்கு மேல் ஆட்டக்காரர் சம்பளத்துக்குப் போகக் கூடாது என்று கால்பந்து சங்கமான எஃப்ஏஐ வைத்திருந்தது. ஆனால் சீசனுக்கு முன்னால் எந்த வருமானத்தில் 65? கிளப் தானே எழுதிக் கொடுக்கும் பட்ஜெட் வருமானத்தில். 'இரண்டு சுற்று ஐரோப்பா, இத்தனை ஆயிரம் பார்வையாளர்' என்று ஜனவரியில் தாளில் எழுதினால் சதவீதம் சரியாகத்தான் வரும். ஜூலையில் முதல் சுற்றிலேயே தோற்றால் அந்தத் தாள் செல்லாது, ஒப்பந்தங்கள் மட்டும் செல்லும்.

இதற்கு போஹீமியன்ஸைவிட வலிக்கிற உதாரணம் கிடையாது. 2010 ஜூலை, சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று, எதிரணி வேல்ஸ் சாம்பியன் தி நியூ செயின்ட்ஸ். டப்ளினில் 1-0 வெற்றி. ஒரு டிரா போதும், அடுத்து பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட். வேல்ஸ் போய் 4-0 தோற்றார்கள். அந்த ஒரு மாலையில் வருடத்தின் பட்ஜெட்டே ஓட்டையாகிவிட்டது. சீசன் முடிவில் பட்டமும் கோல் வித்தியாசத்தில் ஷாம்ராக் ரோவர்ஸுக்குப் போனது. அணி கலைந்தது.

---

லீசைடு:

கார்க்கில் இருந்து எழுதுகிறேன். பேரேடு சார் சொன்ன 'முதலாளியின் சட்டைப்பை' எங்கள் ஊர்க் கதை.

2005இல் எங்கள் மைதானம் டர்னர்ஸ் கிராஸில் பட்டம் வாங்கியபோது ஊரே பச்சை வெள்ளையாக இருந்தது என்று இங்குள்ள பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். பிறகு ஆர்காகா என்ற முதலீட்டு நிதியம் கிளப்பை எடுத்தது. பெரிய திட்டம், பெரிய பேச்சு, பெரிய சம்பளம். 2008 ஆகஸ்டில் நிதியம் கையை விரித்துவிட்டு வெளியேறியது. சீசன் பாதியில் இருக்கிறது, சம்பளப் பட்டியல் அப்படியே இருக்கிறது, அதைக் கொடுக்கிறேன் என்று சொன்னவர் மட்டும் இல்லை. கிளப் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது, 10 புள்ளி வெட்டு, ஆட்டக்காரர்களுக்குச் சம்பள வெட்டு, சிலரை விற்றார்கள்.

பிறகு உள்ளூர்த் தொழிலதிபர் டாம் காஃப்லன் எடுத்தார். 2009 முழுக்க வரித்துறைக்கும் கிளப்புக்கும் உயர் நீதிமன்றத்தில் இழுபறி. ஒவ்வொரு கெடுவுக்கும் கடைசி நேரத்தில் காசு புரட்டுவது, அடுத்த மாதம் அதே கதை. 2010 பிப்ரவரியில் கம்பெனியைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சீசன் தொடங்க சில நாள்தான் இருந்தது.

அப்போது காப்பாற்றியது ஃபோராஸ். ரசிகர்கள் நடத்திய கூட்டுறவு அறக்கட்டளை. அவர்கள் முன்யோசனையாகத் தனியாக லைசென்ஸுக்கு விண்ணப்பித்து வைத்திருந்தார்கள். அதனால் முதல் பிரிவில் 'கார்க் சிட்டி ஃபோராஸ் கோ-ஆப்' என்ற பெயரில் ஒரு அணியை இறக்க முடிந்தது. 2011இல் முதல் பிரிவை வென்றார்கள், 2017இல் லீக்கும் கோப்பையும் இரண்டும். சந்தாப் பணத்தில் தொடங்கிய கிளப் ஏழே வருடத்தில் செய்த வேலை அது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் பெருமையாகத்தான் இருக்கிறது.

---

மதுரைக்காரன்:

எல்லோரும் கிளப்புகளையே குற்றம் சொல்கிறீர்கள். எஃப்ஏஐயை ஏன் விட்டுவிட்டீர்கள்? வீட்டுத் தலைவரே ஊதாரியாக இருந்தால் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்?

ஜான் டெலனி 2005 முதல் 2019 வரை தலைமை நிர்வாகி. சம்பளம் வருடத்துக்கு 360,000 யூரோ, முன்பு அதைவிட அதிகம். லீக்கை வென்ற அணிக்கு 110,000. அதாவது நாட்டின் சாம்பியன் அணி மொத்தமாக வாங்கியது ஒரு மனிதரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! 2016இல் ஒவ்வொரு கிளப்புக்கும் வளர்ச்சித் திட்டம் போட 5,000 யூரோ தருகிறேன் என்றது சங்கம். செயின்ட் பேட்ரிக்ஸ் அத்லெடிக் வேண்டாம் என்று பகிரங்கமாகவே திருப்பிவிட்டது. 2017 ஏப்ரலில் டெலனியே சங்கத்துக்கு 100,000 யூரோ கைமாற்றுக் கொடுத்த விஷயம் 2019 மார்ச்சில் பத்திரிகையில் வெளியானது. அந்த வருட முடிவில் திருத்திய கணக்கு வந்தபோது சங்கத்தின் கடன்பாடு 55 மில்லியன் யூரோவுக்கு மேல். 2020 ஜனவரியில் அரசும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவும் பேங்க் ஆஃப் அயர்லாந்தும் சேர்ந்துதான் தூக்கி நிறுத்தின.

லான்ஸ்டவுன் ரோட்டில் புதிதாகக் கட்டிய அவிவா ஸ்டேடியத்தில் சங்கம் தன் பங்குச் செலவை எப்படிக் கட்டுவதாகத் திட்டம் தெரியுமா? 10 வருடத்துக்கான உயர்விலை இருக்கைகளை 2008இல் விற்கக் கிளம்பினார்கள். நாடு திவாலாகும் நேரம். விற்கவில்லை, கடன் தங்கிவிட்டது. வராத பணத்தை நம்பிய அதே தப்பைத்தான் சங்கமும் செய்தது, இன்னும் பெரிய அளவில். இவர்கள்தான் கிளப்புகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிகள்.

---

டப்ளின்வாசி:

மதுரைக்காரன் அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒரு வரியையும் மறுக்க மாட்டேன். சங்கம் லீக்கைப் பல வருடம் பாரமாகத்தான் நடத்தியது. ஆனால் 52 வார ஒப்பந்தத்தில் டெலனி கையெழுத்துப் போடவில்லை. கிளப் இயக்குநர்கள் போட்டார்கள். 110,000தான் பரிசு என்று ஜனவரியிலேயே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதைப்போலப் பல மடங்கு சம்பளத்தை ஏற்றுக்கொண்டவர்களைச் சங்கத்தின் தப்பைக் காட்டி விடுவிக்க முடியாது.

இன்னொன்றையும் பேச வேண்டும். மைதானம். அயர்லாந்துக் கிளப்புகளுக்கு இருந்த ஒரே நிஜமான சொத்து அதுதான், அதைத்தான் முதலில் விற்றார்கள். விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட மாதிரி.

ஷாம்ராக் ரோவர்ஸின் மில்டவுன் மைதானத்தை 1987இல் அப்போதைய உரிமையாளர்களான கில்கொய்ன் குடும்பம் கைவிட்டு விற்க முடிவெடுத்தது. ரசிகர்கள் எதிர்த்துப் போராடினார்கள், ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். பலிக்கவில்லை. அங்கே இப்போது வீடுகள் நிற்கின்றன. நாட்டிலேயே அதிக பட்டம் வாங்கிய கிளப், 2009இல் டாலா ஸ்டேடியம் திறக்கும் வரை 22 வருடம் மற்றவர் மைதானங்களில் வாடகைக்கு ஆடியது. நடுவில் 2005இல் 2 மில்லியன் யூரோவுக்கு மேல் கடனோடு நீதிமன்றப் பாதுகாப்பு. லைசென்ஸுக்குக் கொடுத்த கணக்கு சரியில்லை என்று 8 புள்ளி வெட்டு. அந்த வருடம்தான் வரலாற்றில் முதல்முறையாக ரோவர்ஸ் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. இறக்கிய அணி டப்ளின் சிட்டி. அந்த டப்ளின் சிட்டியே அடுத்த ஜூலையில், சீசன் நடுவில், காசில்லாமல் இழுத்து மூடப்பட்டது.

நான் போகிற போஹீமியன்ஸ் மைதானம் டேலிமவுண்டின் கதை இன்னும் மோசமாகியிருக்க வேண்டியது. போஹீமியன்ஸ் 1890இலிருந்து உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப். 2006இல் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு மைதானத்தை பில்டர் லியம் காரலின் கம்பெனிக்கு விற்கச் சம்மதித்தார்கள். விலை 60 மில்லியன் யூரோவுக்கு மேல், கூடவே விமான நிலையம் பக்கம் புது ஸ்டேடியம். அந்தப் பணம் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் அணிக்குச் செலவு நடந்தது, கடனும் வாங்கினார்கள். அதன் பலன்தான் 2008, 2009 பட்டங்கள். பிறகு இன்னொரு கம்பெனி, மைதானத்தின் ஒரு துண்டு தனக்கு முன்பே பேசப்பட்டது என்று வழக்குப் போட்டு 2008இல் ஜெயித்தது. பில்டரும் விழுந்தார். பணம் வரவே இல்லை. கடைசியில் 2015இல் டப்ளின் மாநகராட்சி 3.8 மில்லியனுக்கு மைதானத்தை வாங்கிக் கடனை ஒழுங்குபடுத்தியது. 60 எங்கே, 3.8 எங்கே. கிளப் பிழைத்தது, ஆனால் மைதானம் இன்று கிளப்பின் சொத்து இல்லை.

ரசிகர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. 2008இல் 19 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வாங்கியபோது 'இந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது' என்று மாடத்தில் இருந்து எழுந்த குரல்கள் மிகக் குறைவு.

---

தென்றல்77:

நீதிமன்றப் பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அப்படியென்றால் என்ன? திவாலா, இல்லையா?

---

பேரேடு:

திவால் இல்லை. எக்ஸாமினர்ஷிப் என்று பெயர், 1990இல் வந்த சட்டம். லாரி குட்மனின் மாட்டிறைச்சி நிறுவனம் கவிழப்போன நேரத்தில் அவசரமாகக் கொண்டுவந்தார்கள். 100 நாள் வரை கடன்காரர் யாரும் கைவைக்க முடியாது. நீதிமன்றம் நியமிக்கும் ஒருவர் புது முதலீட்டாளரைத் தேடி, கடன்காரர்களுக்கு ஒரு பங்கு கொடுத்து, மிச்சத்தைத் தள்ளுபடி செய்து கம்பெனியை ஓட வைக்கப் பார்ப்பார். ஆள் கிடைத்தால் பிழைக்கும், கிடைக்காவிட்டால் கலைப்பு. ஷாம்ராக் ரோவர்ஸுக்கு 400 கிளப் என்ற ரசிகர் குழு கிடைத்தது. டிராஹெடா 2008இல் 10 புள்ளி இழந்து பிழைத்தது. அதே வருடம் கோடையில்தான் டைனமோ கீவோடு கீவ் மண்ணில் 2-2 ஆடி வந்திருந்தார்கள். லிமெரிக் 2019இல் பிழைக்கவில்லை.

இதில் யாரும் பேசாத ஒரு பக்கம் இருக்கிறது. அந்தத் தள்ளுபடி யார் தலையில் விழுகிறது? பஸ் கம்பெனி, ஜெர்சி சலவை செய்பவர், டிக்கெட் அச்சடித்த அச்சகம், ஹோட்டல், பிசியோ. பெரும்பாலும் அதே ஊர் ஆட்கள், அதே கிளப்பின் ரசிகர்கள். சென்டர் ஃபார்வர்டுக்குக் கொடுத்த சம்பளத்தின் ஒரு பகுதியை உண்மையில் கட்டியவர்கள் இவர்கள்தான்.

---

சூர் ஆற்றங்கரை:

பேரேடு தம்பி சரியான இடத்தைத் தொட்டீர்கள். நான் வாட்டர்ஃபோர்டில் நர்ஸ். எங்கள் தெருவிலேயே லீக்கில் ஆடிய ஒரு பையன் குடும்பம் இருந்தது. வேறொரு கிளப்பில் ஒப்பந்தம், முழுநேரம். சம்பளம் வரவேண்டிய வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பிள்ளையின் மனைவி முகத்தைப் பார்க்க முடியாது. 22 வயதில் வீட்டு வாடகை பாக்கி, கைக்குழந்தை. பத்திரிகையில் 'சம்பளம் தாமதம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆட்டக்காரர் சங்கமும் அதன் செயலாளர் ஸ்டீஃபன் மெகின்னஸும் வருடக்கணக்காக இதைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வாட்டர்ஃபோர்டு பற்றியும் சொல்கிறேன். 2018இல் நான்காம் இடம், ஐரோப்பா போகிறோம் என்று ஊரே சந்தோஷப்பட்டது. கிளப்பின் கம்பெனி மாறி மூன்று வருடம் ஆகவில்லை என்று யூஈஎஃப்ஏ லைசென்ஸ் கிடைக்கவில்லை, இடம் செயின்ட் பேட்ரிக்ஸுக்குப் போனது. பழைய கடனை ஒரு கம்பெனியில் விட்டுவிட்டுப் புதுக் கம்பெனியில் ஆடுவதைத் தடுக்கத்தான் அந்த விதி. விதி நியாயம்தான், ஆனால் களத்தில் உழைத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பிறகு 2022இல் ஃப்ளீட்வுட் டவுன் உரிமையாளர் ஆண்டி பில்லி வாங்கினார். அடுத்த வருடம் தன் எரிசக்தி வியாபார மோசடிக்காக இங்கிலாந்தில் 13 வருட சிறைத் தண்டனை பெற்றார். கிளப்பின் எதிர்காலம் ஒரே மனிதரின் தலையெழுத்தோடு கட்டப்பட்டால் இப்படித்தான் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

---

மதுரைக்காரன்:

அக்கா சொன்னதைப் படித்தபின் சங்கம் மட்டும்தான் குற்றவாளி என்று அடித்துப் பேச மனம் வரவில்லை. ஆனால் இது ஒன்று கேட்கிறேன், டெர்ரி சிட்டியை 2009இல் லீக்கை விட்டே தூக்கினார்களே, அது கொஞ்சம் அதிகம் இல்லையா?

---

பேரேடு:

அதிகம் இல்லை. சங்கத்திடம் காட்டுவதற்கு ஒரு ஒப்பந்தம், ஆட்டக்காரரிடம் இன்னொரு ஒப்பந்தம். 65 சதவீத வரம்பைத் தாண்டிய சம்பளத்தை மறைக்க இதைவிட நேரடியான வழி கிடையாது. அதைத் தண்டிக்காமல் விட்டிருந்தால் கணக்கை ஒழுங்காகக் காட்டிய கிளப்புகள்தான் ஏமாளிகள் ஆகியிருப்பார்கள். அப்படியும் ஊருக்குத் தண்டனை நீளவில்லை. 2010இல் முதல் பிரிவில் சேர்த்தார்கள், அந்த வருடமே வென்று மேலே வந்துவிட்டார்கள்.

ஸ்போர்ட்டிங் ஃபிங்கலையும் சேர்த்துப் பாருங்கள். வரலாறே இல்லாமல் 2008இல் லீக்கில் நுழைந்தது, பின்னால் பில்டர் ஜெரி கேனன். 2009இல் எஃப்ஏஐ கோப்பை, 2010இல் பிரீமியர் பிரிவில் நான்காம் இடம். 2011 பிப்ரவரியில் கிளப்பே இல்லை. பில்டரின் கடன்கள், வங்கிகளின் வாராக் கடன்களை எடுத்துக்கொண்ட அரசின் நாமா அமைப்புக்குப் போயிருந்தன. ரசிகர் கூட்டம் சேருவதற்கு முன்பே கோப்பை வந்துவிட்டது, அதனால் விழும்போது தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

---

லீசைடு:

ரசிகர் உரிமை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் அனுபவம் வேறு மாதிரி. 2017இல் இரட்டை வெற்றி. அடுத்த வருடம் சாம்பியன்ஸ் லீக் தகுதியில் லெஜியா வார்சாவிடம் வெளியே. 2019இல் லக்சம்பர்க்கின் ப்ரோக்ரெஸ் நீடர்கார்னிடம் வெளியே. அணி பலவீனமானது, கூட்டம் குறைந்தது, செலவு அதே அளவில் குறையவில்லை. ஷான் மகுவயர், ஆலன் பிரவுன் இருவரும் எதிர்காலத்தில் விற்கப்பட்டால் கிடைக்க வேண்டிய பங்கை முன்கூட்டியே ஒரு தொகைக்கு எழுதிக் கொடுத்துத்தான் வண்டி ஓடியது. 2020இல் கடைசி இடம். உறுப்பினர்களே கிளப்பை விற்க ஓட்டுப் போட்டார்கள். இப்போது தனி உரிமையாளர்.

நல்ல மனசுள்ளவர்கள் நடத்தினாலும் ஐரோப்பாவை நம்பி சம்பளம் நிர்ணயித்தால் அதே குழிதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. 2010இல் கதவைப் பூட்டிய பிறகு செய்தி தெரிந்தது. 2020இல் உறுப்பினர் கூட்டத்தில் கணக்கு முன்கூட்டியே மேசைக்கு வந்தது, அதனால் கடன்காரர்கள் தெருவில் நிற்கவில்லை. அந்த அளவில் எனக்கு ரசிகர் உரிமை மேல் மரியாதை குறையவில்லை.

---

தென்றல்77:

இதெல்லாம் பழைய கதை என்று என் டப்ளின் நண்பர் சொல்கிறார். இப்போது மைதானங்கள் நிரம்புகின்றன, ஐரோப்பாவில் ஜெயிக்கிறார்கள், பணமும் வருகிறதாம். அப்படியா?

---

பேரேடு:

பாதி உண்மை. நல்லதை முதலில் சொல்கிறேன். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 18 வயது ஆகாத ஐரிஷ் பையன் இங்கிலாந்து போக முடியாது. அதனால் உள்ளூர்க் கிளப்பில் ஆடி, விலை ஏறிய பிறகு போகிறான். செயின்ட் பேட்ரிக்ஸின் மேசன் மெலியாவை டாட்டன்ஹாம் வாங்கியது லீக்கின் சாதனைத் தொகை, சுமார் 2 மில்லியன் யூரோவில் தொடங்கி மேலே போகக்கூடியது. கோல்மனின் 60,000 பவுண்டை நினைத்துப் பாருங்கள். ஷாம்ராக் ரோவர்ஸ் இன்று பாதி உறுப்பினர்களிடம், பாதி ரே வில்சன், டெர்மட் டெஸ்மண்ட் என்ற இரண்டு தொழிலதிபர்களிடம். யாரும் தனியாக விற்றுவிட முடியாது. போஹீமியன்ஸ் ஜெர்சி விற்றே கிளப்பை நிமிர்த்தியது.

கவலைப்பட வேண்டியது இதுதான். ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் பிரதான கட்டத்துக்குள் நுழைந்தாலே 3.17 மில்லியன் யூரோ. 2024இல் ரோவர்ஸுக்குக் கிடைத்தது, 2025இல் ரோவர்ஸுக்கும் ஷெல்போர்னுக்கும். உள்நாட்டுப் பரிசெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. அந்த இரண்டு இடத்துக்கு ஐந்தாறு கிளப்புகள் செலவு செய்கின்றன. சம்பளம் வேகமாக ஏறுகிறது, பற்றாக்குறையை உரிமையாளர்கள் கடனாகப் போட்டு நிரப்புகிறார்கள். 2005இல் ஷெல்போர்ன் துரத்தியதும் இதைத்தான்.

பழைய கதை என்று சொல்கிறவருக்கு டண்டாக்கைக் காட்டுங்கள். 2016இலும் 2020இலும் யூரோப்பா லீக் குரூப் கட்டம், நடுவில் பட்டங்கள், 2018இல் அமெரிக்க முதலீட்டாளர்கள் பீக்6. அவ்வளவு பணம் வந்தும் கிளப்பின் மைதானம் ஓரியல் பார்க் பழைய நிலையிலேயே இருந்தது. சம்பளத்தில் கரைந்தது. 2021இல் அமெரிக்கர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். 2024 செப்டம்பரில் கிளப் மூடப்படும் நிலை, ஒரு பெல்ஃபாஸ்ட் வழக்கறிஞர் கடைசி நேரத்தில் எடுத்தார், சீசன் முடிவில் இறக்கம். 2025இல் முதல் பிரிவை வென்று திரும்பினார்கள், நல்ல விஷயம். ஆனால் இந்த லீக்கில் ஐரோப்பியப் பணத்தை வேறு எவரையும்விட அதிகம் பார்த்த கிளப்புகளில் ஒன்று அது.

---

டப்ளின்வாசி:

பேரேடு, வெளியில் இருக்கும் ரசிகனுக்கு இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

---

பேரேடு:

கொஞ்சம் உண்டு. கிளப் என்பது ஒரு கம்பெனி. டப்ளினில் உள்ள கம்பெனிப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் சில யூரோ கட்டினால் ஆண்டுக் கணக்கை யாரும் எடுக்கலாம். சிக்கல் என்னவென்றால் சிறிய கம்பெனிகள் சுருக்கக் கணக்கு மட்டும் கொடுத்தால் போதும். அதில் வருமானமும் சம்பளச் செலவும் இருக்காது. சொத்து, கடன் நிலவரம் மட்டும்தான். அதிலேயே இரண்டு வரியைப் பாருங்கள்: ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய கடன் போன வருடத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது, அதில் இயக்குநர் அல்லது உரிமையாளருக்குத் திருப்ப வேண்டியது எவ்வளவு. கணக்குத் தாக்கல் தாமதமானால் அதுவும் ஒரு அறிகுறி.

லைசென்ஸுக்காகச் சங்கத்திடம் முழு விவரமும் போகிறது. சம்பளம் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்ற ஒரே ஒரு எண்ணைக் கிளப் வாரியாக ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட்டால் போதும். ரசிகர்களும் அந்த ஊர் அச்சகக்காரரும் பார்த்து முடிவெடுத்துக்கொள்வார்கள்.

---

லீசைடு:

அதைத்தான் எங்கள் உறுப்பினர் கூட்டங்களில் பல வருடம் கேட்டோம். டப்ளின்வாசி, உங்கள் கிளப்பில் நீங்கள் உறுப்பினர்தானே? அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எல்லாக் கிளப்பும் சேர்ந்து சங்கத்திடம் கேட்டால் மறுப்பது கஷ்டம். வாசகத்தை இங்கேயே எழுதுங்கள், ஃபோராஸில் இருக்கும் நண்பர்களுக்கும் நான் அனுப்புகிறேன்.

---

டப்ளின்வாசி:

உறுப்பினர்தான். இந்த வாரத்துக்குள் வரைவை இதே இழையில் போடுகிறேன். பேரேடு, அந்தச் சதவீதத்தை பட்ஜெட் வருமானத்தில் கணக்கிடக் கூடாது, முடிந்த வருடத்தின் தணிக்கை செய்த வருமானத்தில்தான் கணக்கிட வேண்டும் என்று எழுத நினைக்கிறேன். அந்த வரியை மட்டும் நீங்கள் சரிபார்த்துக் கொடுங்கள்.